பினாங்கு வரை

மேல் லயம், தேயிலைத் தோட்டம்
2.3.1975

மிஸ்ஸிக்கு வணக்கம் சொல்லி வேலப்பன் எழுதுவது.

உங்களைத் தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுன் மிஷன் வீட்டுக்கு மாற்றிவிட்டது எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். வேலை முடிந்து வந்து பார்த்தேன், மருந்துக் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்த வேலம்மா நின்று, "ஒன்னாலதான்லா அந்த மிஸ்ஸிய தூக்கிட்டாங்க. பொம்பள தனியா இருக்கிற எடத்துக்குத் தெனம் போனா சும்மா விடுவாங்களா?" என்று கேட்டாள். தினம் போனது உண்மைதானே.

நேரில் கேட்க நினைத்ததை எழுதிக் கேட்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி செத்து நாலு வருசம் ஆகிறது. மகள் திலகத்துக்குப் பத்து வயது. போன வருசம் மழையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தபோது நீங்கள் கொட்டகையிலேயே வைத்துப் பார்த்தீர்கள். நான் ஃபேக்டரியில் இலை காயும் மெசின் பக்கத்தில் கம்பளியை விரித்து, சூடு ஏறியதும் எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். ஒரு நாள் நீங்கள் அந்தக் கம்பளியை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள பொழச்சா தேயிலை வாசத்துலயே வளரும்" என்று சிரித்தீர்கள். அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் என் மனசில் ஒன்றும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஊழியத்துக்கு வந்தவர். எங்களை உங்கள் சாமியிடம் கூட்டிப் போகக் கடல் தாண்டி வந்தவர். நான் மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவன். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்வீர்களா? திலகத்திடம் நான் இதைப் பேசவில்லை. அவளாகத்தான், மிஸ்ஸி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பதிலைக் கருப்பையாவிடம் கொடுங்கள். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், என் கூட்டாளி. யாரிடமும் வாய் திறக்க மாட்டான்.

வேலப்பன்


தானா ராத்தா
9.3.1975

திரு. வேலப்பன் அவர்களுக்கு,

ஆண்டவர் உங்களையும் திலகத்தையும் காத்துக்கொள்வாராக.

உங்கள் கடிதத்தை மிஷன் வீட்டில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் நின்று படித்தேன். படித்து முடித்து, அங்கேயே நின்று மறுபடியும் படித்தேன். ஊழியக்காரி இதை எழுதக் கூடாது. ஆனாலும் உங்களிடம் பொய்யாக ஆரம்பிக்க எனக்கு மனதில்லை.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. எனக்குச் சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு தேரிக்காட்டு ஊர். அப்பா உபதேசியார். நான் நர்ஸ் படிப்பு முடித்து வேலையில் இருந்தபோது எங்கள் சபையின் மிஷனரிச் சங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கேட்டது. எனக்கு அப்போது வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போயிருந்தன. கல்யாணம் ஆகாததால்தான் கப்பலேறினாள் என்று ஊரில் இப்போதும் பேசுவார்கள். அது உண்மையல்ல. சபையில் அந்த அறிவிப்பை வாசித்தபோது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஊழியத்தில் இருக்கும் பெண் சபைக்கு வெளியே மணம் செய்தால் அவளை விலக்கிவிடுவார்கள். எனக்கு இந்த நாட்டில் இருக்க விசா கொடுத்திருப்பதும் சங்கத்தின் பேரில்தான். இங்குள்ள போதகர் நல்ல மனிதர். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருக்கிறது. "அந்த ஆளு ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா நானே முன்ன நின்னு நடத்தி வைப்பேன், சுகிர்தம்" என்றார்.

இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் நீங்கள் உடனே சரி என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான். எனக்காக நீங்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. அப்படி நடந்தால், ஞாயிறு பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எனக்கு மாப்பிள்ளை தேடுவதற்குச் சொன்னதாகிவிடும்.

ஆகையால் நான் எழுத வேண்டிய சொல் எது என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அதை எழுதத்தான் உட்காருகிறேன்.

திலகத்துக்குக் காதை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். பனி கடுமையாக இறங்குகிறது.

சுகிர்தம்


மேல் லயம்
14.3.1975

மிஸ்ஸிக்கு,

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முடியாது என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

நீங்கள் கேட்டிருந்தால் ஞானஸ்நானம் எடுத்திருப்பேன். வேண்டாம் என்று நீங்களே சொன்ன பிறகு எடுக்க மாட்டேன். உங்கள் சாமியிடம் நான் பொய் சொல்லி உள்ளே போனால், பிறகு உங்களிடமும் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

கோயிலும் வேண்டாம், சபையும் வேண்டாம். கருப்பையா வீட்டில் வைத்துத் தாலி கட்டுகிறேன். உங்கள் சாமியை நீங்கள் கும்பிடுங்கள். என் சாமியை நான் கும்பிடுகிறேன். நடுவில் திலகம் ரெண்டு பேரிடமும் சோறு கேட்பாள். அவசரம் இல்லை. நீங்கள் யோசித்து முடிக்கும் வரை இருப்பேன்.

வேலப்பன்


சாத்தான்குளம்
20.11.1975

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே யாரும் கேட்காத இடத்தில் உட்கார்ந்து இந்தச் சொல்லை முதலில் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முடியவில்லை என்ற தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. கருப்பையா வீட்டில் நீங்கள் கட்டிய தாலியை என் கழுத்தில் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஜெபம் பண்ணுவானாட்டி?" என்று கேட்டார். "இல்லப்பா. ஆனா நான் ஜெபம் பண்ணும்போது பக்கத்துல சத்தமில்லாம இருப்பாரு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அதுவே எத்தன பேருக்கு வாய்க்கு" என்றார். மறுநாள் அடக்கம்.

நல்ல செய்தி என்று எழுத அப்பாவின் அந்த வார்த்தை ஒன்றுதான். நம்முடைய விஷயம் சங்கத்துக்கு எட்டிவிட்டது. என்னை ஊழியத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என் விசாவுக்கு இனிப் பொறுப்பில்லை என்றும் எழுதிவிட்டார்கள். நான் மதராசுக்குப் போய், மனைவி என்ற முறையில் திரும்பிப் போகக் கேட்டேன். "கல்யாணச் சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார் விசா ஆபீஸ்காரர். அடுத்த மாதம் ஆபீசில் பதிவோம் என்று நாம் இருந்தது, அதற்குள் தந்தி வந்தது, எல்லாம் சொன்னேன். புருஷன் அந்த நாட்டுக் குடிமகனா என்று கேட்டார். இல்லை, குடிமகன் அல்லாதவருக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி அட்டைதான் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நாம் ஊருக்குத் தெரியாமல் கணவன் மனைவியாக இருந்தது ஒரு மாதம்கூட இல்லை, அத்தான். நீங்கள் திலகத்தைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். அண்ணன் கோபமாக இருக்கிறான், ஆனால் வாசலில் வந்து நின்றவரைப் போகச் சொல்ல மாட்டான். மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைக்கும். நான் கடல் தாண்டி வரவில்லையா? நீங்களும் வரலாம்.

திலகத்துக்கு என் முத்தம். கணக்குப் பாடத்தை விடாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் சுகிர்தம்


மேல் லயம்
11.1.1976

அன்பு சுகிர்தத்துக்கு,

அப்பா காலமானது கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. அவரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவர் சொன்னதற்குக் காலில் விழுந்திருப்பேன்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி செல்லையாவிடம் கேட்டேன். "போறதுன்னா போ. ஆனா செவப்பு ஐசிய வெச்சிக்கிட்டு வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாது லா. போன கூட்டத்துல பல பேரு வரவே இல்ல" என்றார். திலகம் இங்கே பிறந்தவள், அவளுக்குத் தொல்லை இல்லை. எனக்குத்தான். நானும் இதே லயத்தில் பிறந்தவன். அப்பா அந்தக் காலத்தில் பேர் பதியாமல் விட்டதால் இன்றைக்கும் வேற்றாள்.

அங்கே வந்து நான் என்ன செய்வேன்? பனை ஏறத் தெரியாது, மாடு பிடிக்கத் தெரியாது. கொழுந்து வாட்டவும் உருட்டவும் தெரியும். உன் ஊரில் தேயிலை இல்லை. உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், ஒரு வருசத்தில் உன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மோசமான ஆளாகிவிடுவேன்.

கடல் தாண்டி வரவில்லையா என்று கேட்டிருக்கிறாய். வந்தாய். ஆனால் நீ வந்தது உன் சாமிக்காக, எனக்காக இல்லை. உன் கையைப் பிடித்துக் கூட்டி வர ஆள் இருந்தது. எனக்கு அப்படி யாரும் இல்லை.

இதைப் படித்து அழாதே. எழுதிய பிறகு கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். மனசில் இருப்பதை மறைக்க வேண்டாம் என்று அனுப்புகிறேன்.

வேலப்பன்


சாத்தான்குளம்
3.12.1978

அன்புள்ள அத்தானுக்கு,

சில மாதங்களாக நான் எழுதவில்லை. எழுதினால் சண்டையாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்க வேண்டியது ஒன்று வந்திருக்கிறது.

சங்கத்தின் செயலாளர் வந்திருந்தார். மலைக்குப் போக வேறு பெண் யாரும் முன்வரவில்லையாம். குளிரும் தனிமையும் தெரிந்து அந்த வேலை செய்ய நான்தான் இருக்கிறேன் என்றார். என்னை மறுபடியும் தானா ராத்தாவுக்கே அனுப்பத் தயார். விசாவும் அவர்களே எடுப்பார்கள்.

அதற்கு நான் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். கருப்பையா வீட்டில் நடந்தது திருமணம் அல்ல, வேலப்பன் என்பவரோடு எனக்கு எந்த உறவும் இல்லை, இனியும் இராது என்று. "சபையிலயும் நடக்கல, ஆபீஸ்லயும் பதியல. இல்லாத ஒண்ண இல்லன்னுதானே எழுதச் சொல்லுதோம்" என்றார்.

பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். உங்களிடம் வருவதற்கு நீங்கள் என் புருஷன் இல்லை என்று எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

சுகிர்தம்


மேல் லயம்
2.1.1979

சுகிர்தம்,

எழுதிக் கொடு.

காகிதம்தானே. நீ தானா ராத்தாவில் இருந்தால் போதும். பஸ்ஸிலோ பாசாரிலோ தூரத்தில் பார்த்துக்கொள்ளலாம். திலகம் உன் பேச்சை எடுப்பதே இல்லை. எடுக்காமல் இருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினாலு வயதாகிறது. ஒரு பொம்பளையிடம் கேட்க வேண்டியதை என்னிடம் எப்படிக் கேட்பாள்? அவள் பெரியவளானபோது வேலம்மாதான் எல்லாம் பார்த்துச் செய்தாள்.

நமக்குத் தெரியும் நீ யார் என்று. எழுதிக் கொடுத்துவிட்டு வா.

வேலப்பன்


மேல் லயம்
18.6.1979

சுகிர்தம்,

கருப்பையாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். போதகரம்மா இல்லாதபோது படி.

நேற்று பிரிஞ்சாங் பாசாரில் நடந்ததைத் திலகம் சொல்லவில்லை. வேலம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நீ போதகரம்மாவோடு முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தாயாம். இவள் ஓடிப் போய் உன் கையைப் பிடித்து "அம்மா" என்றாளாம். போதகரம்மா, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டதற்கு நீ கையை எடுத்துக்கொண்டு, "தோட்டத்துப் புள்ள, முந்தி மருந்துக்கு வரும்" என்று சொன்னாயாம். பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தாயாம்.

அந்த மிட்டாயை அவள் வீடு வரை கையிலேயே வைத்திருந்தாள். வந்து அடுப்பில் போட்டாள். நான் ஒன்றும் புரியாமல், என்ன பிள்ளை என்று கேட்டேன். "அப்பா, அது அம்மா இல்ல. வேற யாரோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எழுதிக் கொடு என்று சொன்னவன் நான். உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ வந்து மூணு மாசமாக ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு லயத்துக்கு வருகிறாய். நான் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று பார்க்கிறேன். ஒரு நாள் நீ என்னை "என்ன அண்ணே, சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போனாய். அதை நான் தாங்கிக்கொண்டேன். பெரியவன். அவள் பிள்ளை, சுகிர்தம்.

இப்படியே இருப்பதற்கு நீ அங்கேயே இருந்திருக்கலாம். அங்கே இருந்தபோது அவளுக்கு ஒரு அம்மா இருந்தாள்.

வேலப்பன்


தானா ராத்தா
20.6.1979

அன்புள்ள அத்தானுக்கு,

திலகம் சொன்னது சரி. அங்கே நின்றவள் வேறு யாரோதான்.

அவள் கை பட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். விரலெல்லாம் நீண்டு பெரிய பெண் கையாகிவிட்டிருக்கிறது. அதை ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, பக்கத்தில் போதகரம்மா நிற்பது நினைவு வந்து எடுத்துக்கொண்டேன். மிட்டாயை எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சின்னப் பிள்ளையை விட்டுப் போன எனக்கு அவள் இன்னும் அந்த வயதிலேயே இருந்தாள்போலும்.

நான் எழுதிக் கொடுத்தபோது, ஒரு தரம் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை, அத்தான். ஒவ்வொரு நாளும் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களை அண்ணே என்றேன். மருந்துக்கு வரும் பிள்ளை என்றேன். அதே வாயால் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிறேன்.

என்னை அழைத்தவர் பொய் சொல்லி ஊழியம் செய்யக் கூப்பிடவில்லை. அந்த அழைப்பு மெய் என்று நம்புவதால்தான் இதைச் செய்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து நின்று, நான் வேலப்பனின் மனைவி, திலகத்தின் தாய் என்று சொல்லப் போகிறேன். போதகரிடம் முன்னாலேயே சொல்ல மாட்டேன். அவர் தடுத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வருவேன். விசாவை ரத்து செய்வார்கள். அனுப்பும் வரைக்கும் அங்கேதான் இருப்பேன். பிறகு என்னை மறுபடியும் உள்ளே விட மாட்டார்கள் என்பதும் தெரியும்.

திலகம் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

சுகிர்தம்


மேல் லயம்
30.9.1979

அன்பு சுகிர்தத்துக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தபால் கிடைத்தது. தாப்பா ஊருக்கு இறங்கும் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தே வந்தோம். வளைவுக்கு வளைவு பஸ் தெரிந்து தெரிந்து மறைந்தது. திலகம், போகலாம் என்று சொல்லவே இல்லை.

போதகர் வீட்டுக்கு வந்தார். உன்னை அனுப்பும் காகிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம். "நான் போடலேன்னா வேற ஒருத்தர் போடுவாரு, வேலப்பன்" என்றார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். வேலம்மா லயத்தில் எல்லாரிடமும், "பொண்டாட்டின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன்லா தப்பாப் பேசப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நீ பெட்டியோடு வந்தபோது திலகம் கதவைத் திறக்காமல் நின்றாளே, நான்தானே திறந்தேன். அதற்குப் பிறகு அவள் உன்னோடு பேசாத நாட்களை நினைத்து இப்போது அழுகிறாள். "பேசியிருக்கலாம்ப்பா, கொஞ்ச நாள்தான்னு தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்" என்கிறாள். நீ தலை தேய்த்துவிட்ட அன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். எழுதும்போது நீயும் ஒரு வரி சொல்.

இப்போது சாப்பிடும் முன்னால் கண்ணை மூடுகிறாள். உன்னிடம் பழகியது. நான் எதுவும் கேட்பதில்லை. அவள் கண்ணைத் திறக்கும் வரை நானும் சோற்றில் கை வைப்பதில்லை.

வேலப்பன்


மேல் லயம்
12.9.1983

அன்பு சுகிர்தத்துக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை ராஜு கியா பார்ம் பக்கம் பூத்தோட்டத்தில் வேலை செய்கிறவன். குடி இல்லை. திலகத்தை அதட்டிப் பேசிக்கூட நான் பார்க்கவில்லை.

பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். அச்சுக்கடையில் பொண்ணுக்குத் தாயார் பேர் என்ன என்று கேட்டார்கள். செத்துப்போனவள் பேரைச் சொல்வதா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். திலகம்தான், "சுகிர்தம்னு போடுங்க" என்றாள். பெற்றவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இனி எனக்கு இங்கே பொறுப்பு இல்லை. நான் வருகிறேன். டிசம்பரில் பினாங்கிலிருந்து மதராஸ் கப்பலுக்குச் சொல்லிவிட்டேன். திரும்பி வருவதற்கில்லை, தெரிந்துதான் வருகிறேன். நாற்பத்தைந்து வயதில் புதிதாக எதைக் கற்றுக்கொள்வேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் கூட்டுகிற வேலை இருந்தாலும் செய்கிறேன். உன் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவை.

வேலப்பன்


சாத்தான்குளம்
10.10.1983

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரிகையை நான் யாரிடமும் காட்டவில்லை. முதலில் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு மதினி கேட்டாள். அவள் கையில் கொடுத்தேன். சத்தமாக வாசித்தாள்.

வாருங்கள். அண்ணன் மேற்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்துவிட்டான். நான் கேட்கவில்லை, அவனாகச் செய்தான். மருத்துவமனையில் மருந்து அறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள். உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இங்கே வெயில் உங்களை வாட்டும். சாயங்காலம் காற்று வரும். தண்ணீர் சற்று உப்பு. போகப் போகப் பழகிவிடும் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் சொல்லுங்கள், வேறு ஊர் பார்ப்போம்.

எனக்கு முன்பக்கம் முழுதும் நரைத்துவிட்டது. துறைமுகத்தில் என்னைத் தேடும்போது பழைய ஆளைத் தேடாதீர்கள். நானே உங்களைக் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் சுகிர்தம்


பினாங்கு
9.12.1983

சுகிர்தம்,

இந்தக் கடிதம் அந்தக் கப்பலிலேயே வருமா, பிறகு வருமா தெரியவில்லை. நான் அதில் வரவில்லை.

காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டேன். கருப்பையா கூட வந்தான். வரிசையில் நின்றேன். ஆபீசர் சின்னப் பையன், மலாய்க்காரன், மரியாதையாகத்தான் பேசினான். என் சிவப்பு ஐசியை வாங்கிப் பார்த்தான். "திரும்பி வருவீங்களா, பாக்சிக்?" என்று, பெரியவரைக் கூப்பிடும் முறையில், அவன் மொழியில் கேட்டான். இல்லை என்று சொன்னால் ஐசியை அவன் எடுத்துக்கொண்டு என்னை உள்ளே விடுவான். அவ்வளவுதான். மலாயில் ஒரு சின்னச் சொல். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை.

வாயில் வரவில்லை. அவன் மறுபடியும் கேட்டான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் கையை நீட்டி ஐசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். கருப்பையா, "என்னடா, என்னடா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பெட்டி மட்டும் உள்ளே போய்விட்டது. உனக்கு எடுத்த சேலை அதில் இருக்கிறது.

புறப்படுவதற்கு முன்னால் திலகம் மூணு மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னாள். அதனால்தான் வரவில்லை என்று எழுதினால் நீ என்னை மன்னித்துவிடுவாய். அதனால் இல்லை. எதனால் என்று எனக்கே தெரியவில்லை. பயமா என்றால், பயம்தான்.

நீ சபை நடுவில் எழுந்து நின்றவள். என்னால் ஒரு ஆபீசர் பையன் முன்னால் நிற்க முடியவில்லை.

வேலப்பன்


சாத்தான்குளம்
6.1.1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கப்பல் வந்த அன்று நான் மதராஸ் துறைமுகத்தில் இருந்தேன். மதினி கட்டிக் கொடுத்த சோறு கையில் இருந்தது. எல்லாரும் இறங்கினார்கள். வயதானவர்கள் மெதுவாக இறங்குவார்கள் என்று நின்றேன். பெட்டிகள் இறங்கின. பிறகு கூட்டுகிறவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், "யாருக்கும்மா நிக்கிற?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரருக்கு" என்று சொன்னேன். சொல்ல எனக்குக் கூச்சமாகவே இல்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று முதலில் எழுதினேன். அது பொய்யானதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. உங்களிடம் வருவதற்கு நான் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தேன். என்னிடம் வருவதற்கு நீங்கள் ஓர் உண்மையைச் சொன்னால் போதுமாயிருந்தது. அது உங்கள் வாயில் வரவில்லை. இவற்றில் எது கடினமானது என்று நேற்று முழுவதும் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பிறந்த இடத்தைப் போல எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை. என்னை எங்கே அனுப்பினாலும் போகிறவளாகவே வளர்த்தார்கள்.

உங்களுக்காக ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. சத்தமில்லாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை அவர் கேட்டுக்கொள்வார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேல் வருகிறேன் என்று எழுதாதீர்கள். திலகத்தைப் பற்றி எழுதுங்கள், குளிரைப் பற்றி எழுதுங்கள், வேலம்மா என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். வருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு இன்னொரு தரம் அங்கே போய் நிற்கப் பலமில்லை.

திலகத்துக்கு இப்போது நாலாம் மாதம் நடக்கும். கனமான கூடை, தண்ணீர் வாளி எதையும் தூக்க விடாதீர்கள். சின்ன வயதில் நெஞ்சில் சளி கட்டிய உடம்பு என்பதை ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவளாகச் சொல்ல மாட்டாள். கால் வீங்கினாலோ தலை வலித்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். கம்பளி நூல் வாங்கியிருக்கிறேன். பிள்ளைக்குக் குல்லாவும் சட்டையும் பின்னி அனுப்புவேன். இந்த வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாள் என்று மதினி சிரிக்கிறாள்.

ஏழாம் மாதம் வளையல் போடும்போது, பெண்ணின் தாயார் எங்கே என்று ராஜு வீட்டார் கேட்பார்கள். ஊரில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். இருக்கிறேன்.

உங்கள் மனைவி
சுகிர்தம்